பேராதனைப் பள்ளத்தாக்கில் ஒரு மாணாக்கன்



சர்வகலாசாலை வாழ்க்கையும் அது தரும் வாய்ப்புகளும் என்னும் பொருள்பற்றிப் பேசவேண்டுமென்று தமிழ்ச் சங்கத்தார் கேட்டபொழுது, அஃது எத்துணை அகலமான பொருளோ அத்துணை அபாயமான பொருளுமாகும் என்பதை உணர்ந்தே இசைந்தேன். இத்தகைய தலைப்பைக் கையிலெடுத்த முதியவர் எவரும் தம் இளமையை எண்ணி உருகுவதும், இக்காலத்து மாணவரைக் கடிந்துகொள்வதுமாகவே பொழுதைப் போக்கிவிடுவர். அவ்விரண்டையும் இயன்றவரை விலக்கி, நான் பயின்ற இந்தப் பேராதனையை மட்டுமே எடுத்துக்கொண்டு, இங்கே இருந்த வாய்ப்புகள் எவை, அவற்றைக் கைக்கொண்டவர் யாவர், அவை எட்டாமற் போனவர் யாவர் என்பதை இயன்ற அளவு சொல்லலாமென்று எண்ணுகிறேன். உருக்கம் சிறிது கலந்துவிடுமாயின் வயதை எண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்னும் கோரிக்கை ஆட்சியாளரின் கருணையிலிருந்து பிறந்ததன்று. கேம்பிரிட்ஜிலே கல்வி பயின்று திரும்பிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள், அங்கே தாம் நுகர்ந்த கல்வியை நம் நாட்டு இளைஞரும் நம் நாட்டிலேயே பெறவேண்டுமென்று கருதி, 1906ஆம் ஆண்டில் அதற்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்து, எழுதியும் பேசியும் ஓயாது உழைத்தார். 1921இல் கொழும்பிலே யூனிவர்சிட்டிக் கல்லூரி திறக்கப்பட்டதை அவர் கண்ணாரக் கண்டார். 1924இல் தல யாத்திரை சென்றிருந்தபோது மதுரையிலே காலமானார். அந்தக் கல்லூரியோ பெயரளவில் மட்டுமே நம்முடையது. அதன் மாணாக்கர் கொழும்பிலே படித்து, இலண்டன் சர்வகலாசாலை வகுத்த பாடத்திலே இலண்டன் வைத்த பரீட்சையை எழுதிப் பட்டம் பெற்றனர். ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசிய சில மாதங்களுக்குள், 1942ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அக்கல்லூரியும் வைத்தியக் கல்லூரியும் ஒன்றாகி இலங்கைச் சர்வகலாசாலை உருவாயிற்று. யுத்தகாலத்திலே, அரிசியும் காகிதமும் அருகியிருந்த வேளையில், ஒரு தேசம் சர்வகலாசாலையைத் தொடங்கிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

அது கொழும்பிலே அமையவேண்டுமா, கண்டியிலே அமையவேண்டுமா என்பதுபற்றி ஆண்டுக்கணக்காக நடந்த வாக்குவாதத்தை இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. அதில் அறிவைவிட அபிமானமே மிகுதி. ஈற்றில் மகாவலி வளைந்தோடும் பேராதனைப் பள்ளத்தாக்கு தெரிந்தெடுக்கப்பட்டது. பட்டணத் திட்டங்களிலே பேர்பெற்ற பற்றிக் அபெர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் நிலத்தின் போக்கைக் கெடுக்காமல் திட்டம் வகுத்தனர். பழைய சிங்கள இராசதானிகளின் கற்றூண்களையும் திறந்த மண்டபங்களையும் நினைவூட்டும்படி கட்டடங்களை அமைத்தவர் ஷெர்லி டி அல்விஸ். முதல் துணைவேந்தராகிய சேர் ஐவர் ஜென்னிங்ஸ், சட்ட அறிஞர். பிடிவாதமும் கணக்குத் திறமையும் ஒருங்கே உடையவர். மாணாக்கரும் ஆசிரியரும் ஓரிடத்தே வாழவேண்டும், விரிவுரை முடிந்த பின்னும் கல்வி முடியலாகாது என்பதே அவர் கொண்ட கொள்கை. 1952இல் கலைப் பீடம் இங்கே வந்து சேர்ந்தது. 1954இல் எலிசபெத் மகாராணியாரோடு வந்த எடின்பரோக் கோமகன், ஏற்கெனவே வகுப்புகள் நடந்துகொண்டிருந்த இவ்விடத்தை, வழக்கத்தைவிட மிகுதியாகத் திறந்திருப்பதாகத் தாம் அறிவிப்பதாய்ச் சொல்லி வைத்தார். வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். எனினும் இந்த இடம் யாருக்கெல்லாம் திறந்திருந்தது என்ற கேள்வி அந்த வேடிக்கைக்குள்ளேயே இருக்கிறது; அதற்குப் பின்னர் வருவேன்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற மாணாக்கன் யாழ்தேவி இரயிலிலே ஏறிப் பொல்கஹவெலயில் இறங்கி, கண்டிப் பாதை வண்டிக்கு மாறவேண்டும். மட்டக்களப்பிலிருந்து வருகிறவனும் அங்கேதான் வந்து சேர்வான். வடக்கத்தியானும் கிழக்கத்தியானும் முதன்முதலாக ஒருவன் தமிழை ஒருவன் கேட்டுச் சிரித்தது பெரும்பாலும் அந்த மேடையிலேதான். றம்புக்கணைக்கு அப்பால் வண்டி மலையேறத் தொடங்கியதும், பனையும் வெயிலும் செம்மண்ணுமே உலகமென்றிருந்தவன் யன்னலை விட்டு அகலமாட்டான். கடுகண்ணாவையில் குளிர் உடம்பிலே தைக்கும். பேராதனையில் இறங்கியவுடன், அதுவரை தான் அறிந்திராத விசாலமொன்று தன்னைச் சூழ்ந்திருப்பதை அவன் காண்பான். அந்த விசாலத்திலே தான் எவ்வளவு சிறியவன் என்பதை மூத்த மாணவர் அன்றிரவே அவனுக்கு உணர்த்திவிடுவர்.

பகிடிவதையைத்தான் சொல்கிறேன். அதிலே நகைச்சுவை இருந்ததென்றும், கூச்சத்தைப் போக்கிச் சிநேகத்தை வளர்த்ததென்றும் எம் காலத்தவர் பலர் இன்றும் வாதிப்பர். அவ்வாதத்தை நான் ஏற்பதில்லை. பாட்டுப் பாடச் சொல்வதில் தொடங்கிய பழக்கம் எங்கே போய் முடிந்ததென்பதை இத்தேசம் அறியும். 1998இல் அதனைத் தடுக்கப் பாராளுமன்றம் ஒரு சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. சிநேகம் அதனால் வளர்ந்ததன்று, அதனைத் தாண்டியும் வளர்ந்தது என்பதே உண்மை.

நான் தங்கியிருந்தது அருணாசலம் விடுதியில். கத்தி கரண்டியோடு மேசையில் உண்ணும் முறையும், விடுதிப் பொறுப்பாளரின் கண்டிப்பும், குறித்த நேரத்துக்குள் திரும்பிவரவேண்டிய விதியும் ஊரிலிருந்து வந்தவனுக்கு முதலில் எரிச்சலையே தந்தன. ஆனால் இந்த விடுதிவாசம் என்னும் ஏற்பாட்டிலேதான் சர்வகலாசாலையின் பெருவாய்ப்பு அடங்கியிருந்தது என்று இன்று நான் நிச்சயமாய்க் கூறுவேன். விரிவுரை மண்டபத்திலே கேட்பதை நல்ல புத்தகமொன்றிலும் பெறலாம். சில விரிவுரைகளைப் பொறுத்தமட்டில் புத்தகமே மேல் என்று சொன்னாலும் பிழையில்லை. ஆனால் காலியிலிருந்து வந்த சிங்கள மாணாக்கனும், அக்கரைப்பற்றிலிருந்து வந்த முஸ்லிம் மாணாக்கனும், கரவெட்டியிலிருந்து வந்தவனும் ஒரே கூரையின்கீழ் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து, இரவு இரண்டு மணிவரை ஒரே தேநீர்ப் பாத்திரத்தைச் சுற்றியிருந்து, கடவுள் உண்டா இல்லையா என்பதிலிருந்து நாளைய தேர்தலில் வெல்பவர் யாரென்பது வரையில் சண்டையிட்டுக்கொள்ளும் சந்தர்ப்பம் இத்தீவிலே வேறெங்கும் இருந்ததில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. 1958இல் இனக் கலவரம் மூண்டது. நான் வந்து சேர்ந்தபொழுது அந்தப் புண்கள் ஆறியிருக்கவில்லை. இருந்தும் ஒருவன் எழுதிய குறிப்புக் கொப்பியை மற்றவன் வாங்கிப் படித்தான். ஒருவன் வீட்டிலிருந்து வந்த பனங்கட்டியும் மற்றவன் வீட்டிலிருந்து வந்த கொக்கிசும் ஒரே மேசையில் இருந்தன. இதனால் இனப் பிரச்சினை தீர்ந்துவிட்டதென்று சொல்லும் பேதைமை எனக்கில்லை. ஒருவரையொருவர் அறிந்த சிலராவது அங்கே உருவாயினர். அத்தகையவர் தொகை பெருகாமற் போனதே பிற்காலத்துத் துயரங்களுக்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தமிழ்த் துறையைப்பற்றிச் சொல்லாமற் செல்வது முறையன்று. இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் பதவியேற்றவர் விபுலாநந்த அடிகள்; தாம் எழுதிய யாழ் நூல் அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். அவருக்குப் பின் அந்நாற்காலியில் அமர்ந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, இலண்டனிலே சாசனத் தமிழை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். கல்வெட்டின் எழுத்துப் பிழையைக்கூட விடாது கவனிக்கும் அந்தக் கண், யாழ்ப்பாணத்துக் கிழவியின் பேச்சையும் அதே சிரத்தையோடு கவனித்தது. அவர் எழுதிய நாடகங்களிலே உடையாரும் தரகரும் வீட்டுப் பெண்களும் தம் நாவிலே வரும் தமிழையே பேசினர். அவற்றை நடித்தவர் மாணாக்கர். இலக்கணப் பேராசிரியர் ஒருவரே ஊர்ப் பேச்சை மேடையேற்றிவிட்டபடியால், தான் பேசுவது கொச்சையென்று கூசியிருந்த மாணாக்கன் நிமிர்ந்து நிற்கத் துணிந்தான். கா. சிவத்தம்பி அந்நாடகங்களிலே நடித்தவர்களுள் ஒருவர். அவரும் க. கைலாசபதியும் 1950களின் நடுவிலே இங்கே மாணாக்கராயிருந்து, பின்னர் இருவரும் பேர்மிங்ஹாம் சென்று ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ச்சி செய்து, தமிழ் விமரிசனத்தின் போக்கையே மாற்றினர். சர்வகலாசாலையிலே ஏற்பட்ட சிநேகம் ஒரு மொழியின் விமரிசன வரலாற்றில் இவ்வாறு பயன்தந்த உதாரணங்கள் அதிகமில்லை.

எழுத விரும்பியவனுக்குச் சங்கத்தின் ஆண்டு மலராகிய இளங்கதிர் இருந்தது. 1960களிலே மாணாக்கர் சிலர் சேர்ந்து, தாம் எழுதிய சிறுகதைகளைக் கதைப்பூங்கா, விண்ணும் மண்ணும் என்னும் பெயர்களிலே தொகுதிகளாகவும் வெளியிட்டனர். எவரும் அவர்களுக்குப் பணம் கொடுத்து எழுதச் சொல்லவில்லை. பரீட்சையிலே அதற்குப் புள்ளியும் கிடையாது. அச்சகத்தாருக்குக் கடன் வைத்து, விடுதி விடுதியாக நடந்து விற்று, எஞ்சிய பிரதிகளைக் கட்டிலின்கீழ் அடுக்கி வைத்தனர். அவ்வாறு தொடங்கியவர்களிற் சிலர் பின்னாளில் ஈழத்து இலக்கியத்தில் நிலையான பெயர் பெற்றனர். ஏனையோர் நல்ல வாசகராயினர். அதுவும் சிறிய பேறன்று.

இனி, இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய அதே 1956ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இச்சர்வகலாசாலையின் மாணவ மாணவியரைக் கொண்டு எதிரிவீர சரச்சந்திர அவர்கள் மனமே என்னும் நாடகத்தைக் கொழும்பிலே மேடையேற்றினார். மேல்நாட்டு நாடகங்களைத் தழுவியும் மொழிபெயர்த்தும் வந்த சிங்கள மேடைக்கு அது புதியதொரு பிறப்பாயிற்று. அவர் ஆதாரமாகக் கொண்டது நாடகம என வழங்கும் கிராமியக் கூத்து வடிவத்தை. அவ்வடிவமோ நம் தமிழ்க் கூத்தின் வழியிலே வந்தது என்பதை அறிஞர் ஒப்புவர். நாட்டின் அரசியல் இரண்டு மொழியாரையும் பிரித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டிலே, சிங்கள நாடகத்தின் பெருவெற்றியானது தமிழ்க் கூத்தின் பேரப்பிள்ளையாய் அமைந்ததை எண்ணிப்பாருங்கள். 1961இல் அவர் அரங்கேற்றிய சிங்கபாகுவை, இவ்வளாகத்துத் திறந்தவெளி அரங்கின் புற்படியிலே சிங்கள மாணாக்கரோடு தோளோடு தோள் இடித்து அமர்ந்து நாங்கள் பார்த்தோம். மொழி முழுவதும் விளங்கவில்லை. ஆனால் ஆட்டமும் மத்தளமும் எங்கள் கிழக்கிலங்கை நண்பர்களுக்கு அந்நியமாய் இல்லை. இது எங்கள் ஊரிலே விடிய விடிய ஆடுவதல்லவா என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

அதே கேள்வியை அவர்களுக்கு முன்பே தம்முள் கேட்டுக்கொண்டவர் தமிழ்த் துறையிலிருந்த கலாநிதி சு. வித்தியானந்தன். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வயல் ஓரங்களிலும் கோயில் வெளிகளிலும் ஆடப்பட்டுவந்த கூத்தை, படித்தவர்கள் என்போர் காண வெட்கப்பட்ட காலம் அது. அதனை ஆடியவரிற் பலர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர். அதனாலேயே அது கலையன்று எனக் கருதும் மனோபாவம் எங்கும் பரவியிருந்தது. வித்தியானந்தன் அவர்கள் கிராமங்களுக்குச் சென்று கூத்துப் பயிற்றும் அண்ணாவிமாரைத் தேடி, போட்டிகள் நடத்தி, அலங்காரரூபன் நாடகம் முதலிய பிரதிகளை அச்சிலே கொணர்ந்து, அதனோடு அமையாமல் சர்வகலாசாலை மாணாக்கரையே ஆடவைத்தார். 1962இல் வடமோடிக் கூத்து முறையிலே கர்ணன் போர், 1963இல் தென்மோடி முறையிலே நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1968இல் வாலிவதை என்று அவை ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. வட்டக்களரியிலே இரவு முழுதும் ஆடப்படுவதை ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்கு ஏற்பச் சுருக்குவதிலே எத்தனையோ சிக்கல்கள் எழுந்தன. எந்தத் தருவை, அதாவது எந்தப் பாட்டை, விடுவது, எந்த ஆட்டத்தைக் குறைப்பது, நடிப்பை எவ்வளவு கூட்டினால் கூத்தின் தன்மை கெடாமல் இருக்கும் என்பனவெல்லாம் ஒத்திகைக்கு ஒத்திகை வாதிக்கப்பட்டன. பழைய முறையை மாற்றலாகாது என்று அண்ணாவியார் ஒருபுறம் இழுப்பார். பார்ப்பவர் எழுந்து போய்விடுவர் என்று மற்றவர் மறுபுறம் இழுப்பர். நான் ஆடியவனல்லேன். ஆடத்தெரியாதவனுக்கு வாய்க்கும் வேலைகளாகிய கதிரை தூக்குவதும் உடுப்புப் பெட்டி காப்பதுமே எனக்குக் கிடைத்தன. ஆயினும் எந்த விரிவுரையிலும் நான் கற்றிராத அளவுக்கு அந்த ஒத்திகைகளின் ஓரத்தில் நின்று கற்றேன்.

அம்மேடைகளிலே கர்ணனாகவும் இராவணனாகவும் நின்ற மட்டக்களப்பு மாணாக்கராகிய சி. மௌனகுரு அவர்களைப்பற்றி நீங்கள் அறிவீர்கள். இராவணேசனின் பிரதியை எழுதியவரும் அவரே. அப்பொழுது அவர் பட்டம்கூடப் பெறாதவர். தம் கிராமத்திலே சிறுவனாய்க் கண்டதும் பழகியதுமாகிய ஒன்றை, அதைவிட்டுத் தப்பியோடுவதற்கென்றே பலரும் வந்துசேர்கிற ஒரு சர்வகலாசாலையிலே மீண்டும் கண்டெடுத்து, அதனையே தம் ஆராய்ச்சிப் பொருளாகவும் வாழ்நாட் பணியாகவும் ஆக்கிக்கொண்டு, பின்னாளிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையிலே பேராசிரியராய் விளங்கினார். சர்வகலாசாலை ஒருவனுக்குத் தரக்கூடிய மேலான வாய்ப்பு எதுவென்று கேட்பீர்களாயின், இதனையே சொல்வேன்: அவன் எதைத் தாழ்ந்ததென்று எண்ணி வீட்டிலே விட்டுவந்தானோ, அதனைக் கற்றறிந்தார் நடுவிலே வைத்து மதிப்பிடும் ஆற்றலை அவனுக்குத் தருவது. வெளிநாட்டுப் புலமைப்பரிசிலும் உத்தியோகமும் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. அவற்றைத் தேடித் தருவதற்கு உங்கள் பெற்றோரும் உற்றாரும் போதும்.

சரி, இந்த வாய்ப்புகளெல்லாம் யாருக்குத் திறந்திருந்தன? 1945இல் கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, ஆங்கிலம் படித்த சிலருடைய பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த இடத்தைக் கமக்காரன் பிள்ளைக்கும் உரியதாக்கிற்று. 1960களின் தொடக்கத்திலே கலைப் பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளானதும், வந்துசேர்ந்தோர் தொகை விடுதிகள் கொள்ளாத அளவுக்குப் பெருகியது. வந்த இடத்திலே நெரிசல் உண்டாயிற்றே என்று முறையிட்டவர்களும் உண்டு. எனக்கு அது மகிழ்ச்சியையே தந்தது. 1970களிலே சர்வகலாசாலை அனுமதியில் வந்த தரப்படுத்தல் அந்த மகிழ்ச்சியை வேறு வகையிலே குலைத்தது. அது தனியாக ஆராயவேண்டிய விஷயம், இன்று விடுகிறேன்.

விடமுடியாத விஷயம் ஒன்று உண்டு. விடுதி யன்னலைத் திறந்தால் ஹந்தானை மலை தெரியும். அம்மலையிலே தேயிலைத் தோட்டங்கள், தோட்டங்களிலே தமிழர். அதிகாலையில் நாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் நேரத்தில் அவர்கள் பிரட்டுக்களத்திலே பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் புறப்பட்டிருப்பார்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. சங்க இலக்கியத்திலே குறிஞ்சி நிலத்தைப்பற்றி நாங்கள் விரிவுரை கேட்டுக்கொண்டிருந்தோம். மண்டபத்துக்கு மேலே மலைச் சரிவிலே வாழ்ந்த தமிழரின் பிள்ளைகளோ அம்மண்டபத்திலே அரிதினும் அரிதாகவே காணப்பட்டனர். அவர்களைப்பற்றி அக்காலத்துத் தமிழ் மாணாக்கராகிய நாங்கள் போதிய அளவு பேசவுமில்லை, எழுதவுமில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சையும் மட்டக்களப்புக் கூத்தையும் மேடையேற்றிய அதே தலைமுறை, மலையிலே ஆடப்பட்ட காமன் கூத்தைக் காணக் கால்மணி நேரம் மலையேறியிருக்கலாம். ஏறியவர் மிகச் சிலர். இன்று மலையகப் பிள்ளைகள் இவ்வளாகத்திலே பயில்கிறார்கள். சிலர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இங்கே வந்து சேர்ந்தது எங்கள் தலைமுறையின் முயற்சியால் அன்று. அவர்களுடைய ஆசிரியர்களும் பெற்றோரும் பட்ட பாட்டினால்.

புதியவர்களாகிய உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. நூல்நிலையத்தை முதல் மாதத்திலேயே ஒருமுறை அடிமுதல் முடிவரை சுற்றிப் பாருங்கள். அங்கே அச்சுப் புத்தகங்களோடு ஏட்டுச் சுவடிகளும் இருக்கின்றன. உங்கள் பாடத்துக்குப் புறம்பான விரிவுரை ஒன்றிலே கிழமைக்கு ஒருமுறையாவது பின்வரிசையிலே போய் அமருங்கள், எவரும் எழுப்பிவிடமாட்டார்கள். சிங்களத்தைப் பேசும் அளவுக்கேனும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் அறையிலிருப்பவருக்குத் தமிழ் கற்பியுங்கள். பகிடிவதை செய்வோர் உங்களை அழைத்தால் போகாதீர்கள். அடுத்த ஆண்டு நீங்கள் அழைக்காதீர்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. வருகிற விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, உங்கள் ஊரிலோ தோட்டத்திலோ கூத்தாடிய முதியவர், தாலாட்டோ ஒப்பாரியோ பாடத்தெரிந்த பாட்டி, மத்தளம் கட்டத்தெரிந்த அண்ணாவியார் எவரேனும் இருப்பின், அவரிடம் சென்று அமர்ந்து, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். கைத்தொலைபேசியிலே குரலையும் பதிந்துகொள்ளுங்கள். அந்த வசதி எங்களுக்கு இருந்ததில்லை. எழுதிவந்ததை இளங்கதிர் ஆசிரியரிடம் கொடுங்கள். அவ்வாறு வருவனவற்றை இம்முறை மலரிலே தனிப்பகுதியாக அச்சிடவேண்டுமென்று சங்கத்தாரை இவ்வவையிலே கேட்டுக்கொள்கிறேன்; அப்பகுதியின் அச்சுச் செலவை நான் ஏற்கிறேன்.